ஒரே ஒரு அட்மின்

பத்ரி ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பிறகு இரண்டு செல்போன்களையும் சார்ஜரிலிருந்து எடுத்தான். ஒன்று அவனுடையது. அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. இன்னொன்று மனைவி சுப்ரஜாவுடையது. அவளுக்கு முப்பத்தொரு செய்திகள் வந்திருந்தன.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆறு மணிக்கு அவள் போனிலிருந்து, கற்பகவல்லி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய அறிவிப்பைப் போட்டான். குப்பை வண்டி ஏழரைக்கு. மின்தடை ஒன்பதிலிருந்து இரண்டு வரை. மூன்றாவது குறுக்குத் தெருவில் சாம்பல் நிறப் பூனை காணவில்லை. போட்டு முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தான். இதுவும் தினமும் நடப்பதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தெருநாய்க்குச் சோறு போடலாமா கூடாதா என்று அந்தக் குழுவில் ஒரே நாளில் நானூறு செய்திகள் பறந்தன. இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அன்று சாயங்காலம் சுப்ரஜா, அட்மின் மட்டுமே செய்தி போட முடியும் என்று மாற்றினாள். அட்மின் அவள் ஒருத்திதான். அதன் பிறகு யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் அவளுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவள் பார்த்துப் போடுவாள். நகரில் அமைதி திரும்பியது. கார்த்திகை மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. மூன்று நாள். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு காலிங்பெல் அடித்தது. சங்கத் தலைவர் சத்யநாராயணன்.

"டிபன் ஆச்சா பத்ரி?"

"இனிமேதான் சார்."

"எனக்கும் இனிமேதான்." உட்கார்ந்தார். "ஏரிப் பக்கம் புது ஃபிளாட் வந்திருக்கு பாத்தியா? நாப்பத்தெட்டு வீடு. எல்லாரையும் குரூப்ல சேக்கணும். உனக்கு எதுக்குப்பா இந்த வேலை? என்னை ஒரு அட்மின் ஆக்கிடு. ஒரு பட்டன்தானாமே?"

ஒரு பட்டன்தான். அது பத்ரிக்குத் தெரியும். பட்டனை அழுத்தினால் இவர் முதலில் என்ன செய்வார் என்றும் தெரியும். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவர். காலமான உறுப்பினர்களின் பெயர்களைச் சங்கப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் அடிப்பவர். கோடு அத்தனை நேராக இருக்கும். வாட்ஸ்அப்பில் ஸ்கேல் தேவையில்லை. 'சத்யநாராயணன் சுப்ரஜாவை நீக்கினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய வரி வரும். எல்லோரும் பார்ப்பார்கள். யாராவது அதற்குக் கைகூப்பும் பொம்மையை அவருக்கு அனுப்பிவைப்பார்கள்.

ரேஷன் கார்டு, அவளுடைய அலுவலகம், காப்பீடு, கேஸ் இணைப்பு என்று எல்லா இடத்திலும் அவனே வரிசையில் நின்று அவளை நீக்கிவிட்டு வந்திருந்தான். இறப்புச் சான்றிதழின் பத்தொன்பது நகல்கள் தீர்ந்துவிட்டன. வீட்டுப் பத்திரத்துக்கு இன்னும் போகவில்லை. அதைத் தவிர, அவள் பெயர் உயிரோடு இருப்பது இந்தக் குழுவில்தான்.

"லிஸ்ட் குடுங்க சார். நானே சேத்துடறேன்."

"நாளைக்கு இன்னொரு நாப்பத்தெட்டு வரும். எத்தனை நாளைக்கு நீ அந்தப் பொண்ணு போனை வெச்சுண்டு உக்காந்திருப்ப? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பத்ரி தரையைப் பார்த்தான். "அவ கடைசியா ஒண்ணு சொன்னா சார்."

சத்யநாராயணன் நிமிர்ந்தார்.

"'குரூப்பை விட்டுடாதீங்க. நீங்களே பாத்துக்கோங்க'ன்னா."

அவள் அவனிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சத்யநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "கடைசி நேரத்துல குரூப்பு," என்றார். "இந்த மாதிரி ஒரு வாலன்டியர் தாம்பரத்துலேர்ந்து பல்லாவரம் வரைக்கும் கிடையாது. நீயே பாத்துக்கோ. நான் இனிமே கேக்க மாட்டேன்."

பட்டியலைக் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

பத்ரி அன்று அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனான். நாற்பத்தெட்டுப் பேருடைய போனிலும் 'சுப்ரஜா உங்களைச் சேர்த்தார்' என்று வந்தது.

சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போது அவள் போன் அதிர்ந்தது.

'தேங்க் யூ சுப்ரஜா மேடம். நான் பி பிளாக் ரோஹிணி. குப்பையைப் பிரிச்சுதான் குடுக்கணுமா?'

'நான் சுப்ரஜாவின் கணவர். அவர்' என்று தட்டினான். அடுத்த சொல் வரவில்லை. அவன் ஏற வேண்டிய கடற்கரை ரயில் வந்தது. போனது. அழித்துவிட்டு, 'ஆமாம். மக்குற குப்பை பச்சைக் கூடை, மக்காதது நீலக் கூடை' என்று அனுப்பினான். தகவல் சரியானதுதான்.

மறுவாரம் சத்யநாராயணன் குழுவில் போடச் சொல்லி ஒரு அறிவிப்பு அனுப்பினார். 'நகரை விட்டுவிடாதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற மறைந்த சுப்ரஜாவின் சொல்லுக்கிணங்க, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைத் துப்புரவுப் பணி. தலைமை: திரு. பத்ரி.'

பத்ரி போன் செய்தான்.

"சார், அவ நகர்னு சொல்லலை. குரூப்னுதான் சொன்னா."

"நகர் இல்லாம குரூப்பு ஏதுப்பா? கமிட்டியில எல்லாருக்கும் கண் கலங்கிடுத்து. இப்ப மாத்தினா நன்னா இருக்காது."

அவளுடைய போனிலிருந்தே அவளை மறைந்தவள் என்று போடுவது பத்ரிக்குச் சரியாகப் படவில்லை. படிக்கிறவர்கள் குழம்புவார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். பத்ரி மூன்று சாக்கு நிறைய பிளாஸ்டிக் பொறுக்கினான். யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து குளிப்பதற்குள் ரோஹிணியிடமிருந்து செய்தி.

'மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ஹஸ்பண்ட் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. வீட்ல ஏதாவது பிரச்சனையா?'

பத்ரி ஈரத்தலையோடு நின்றான். 'அவர் அப்படித்தான்.'

'சரியா சாப்பிடறாரா? ரொம்ப இளைச்சிருக்கார்.'

'சொன்னா கேக்கறதில்லை.'

'எங்க வீட்லயும் இதே கதைதான் மேடம். நீங்க ஏன் வரலை?'

'கொஞ்சம் உடம்பு சரியில்லை.'

அன்று அவன் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். பாத்திரம் துலக்க வரும் கிளியம்மாள், தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சுப்ரஜா போன பிறகு சமையலும் அவள்தான்.

"இன்னா தம்பி, இன்னிக்கு அதிசயமா கீது."

"பசிச்சுது."

"பசிக்கட்டும், பசிக்கட்டும்."

பன்னிரண்டு மணிக்கு ரோஹிணி கையில் தூக்குப் பாத்திரத்தோடு கேட்டில் நின்றாள்.

"மிளகு ரசம் சார். மேடத்துக்கு."

"ஊருக்குப் போயிருக்கா," என்றான் பத்ரி.

"இந்த உடம்போடயா? காலையில கூட எனக்கு மெசேஜ் பண்ணாங்களே."

"பண்ணிட்டுப் போனா."

"எந்த ஊர் சார்?"

"கும்பகோணம்."

"பஸ்லயா?"

"ட்ரெயின்."

ரோஹிணி பாத்திரத்தை அவன் கையில் கொடுத்தாள். "நீங்களாவது குடிங்க. மேடம் ரொம்பக் கவலைப்படறாங்க உங்களப் பத்தி."

மறுநாள் காலை செய்தி வந்தது. 'கும்பகோணம் சேந்தாச்சா மேடம்? அங்க மழையா?'

அதற்கப்புறம் பத்ரியின் காலை வேலைகளில் ஒன்று கூடியது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கும்பகோணத்தில் வெயிலா மழையா என்று பார்ப்பான். ரோஹிணியின் அம்மாவுக்கு மாம்பலத்தில் கண் ஆபரேஷன் நடந்த அன்று, 'வேண்டிக்கறேன்' என்று அனுப்பினான். அனுப்பிய பிறகு, அனுப்பிவிட்டோமே என்று சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றான். ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சுப்ரஜா மேடத்தின் வேண்டுதல் பலிக்கிறது என்று பி பிளாக்கில் பேசிக்கொண்டார்கள்.

ஜூலையில் ஆண்டுப் பொதுக்குழு. பழைய வீட்டுக்காரர்கள் முன்வரிசையில், ஃபிளாட்காரர்கள் பின்வரிசையில். தலைவர் பதவிக்கு சத்யநாராயணனைத் தவிர ஆள் கிடையாது. அடுத்து செயலாளர். அந்தச் சொல் மைக்கில் வந்ததும் கூடியிருந்த அறுபது பேரும் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். ஒருவர் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போதே அது அடித்தது.

"யாராவது ஒருத்தர் மனசு வைக்கணும்," என்றார் சத்யநாராயணன்.

யாரும் வைக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பின்வரிசையில் ரோஹிணி எழுந்தாள்.

"சுப்ரஜா மேடத்தையே போடலாமே சார்? இப்பவும் எல்லாம் அவங்கதானே பண்றாங்க."

பின்வரிசை கைதட்டியது. முன்வரிசை ஒரு கணம் திகைத்தது. பிறகு நெகிழ்ந்தது. அவளைப் பார்த்தே இராத ஃபிளாட்காரர்கள் அவள் நினைவுக்கு இப்படி ஒரு மரியாதை செய்வதா? முன்வரிசையும் எழுந்து நின்று கைதட்டியது.

பத்ரி எழுந்தான். "அவளால வர முடியாது."

"வீட்லேர்ந்தே பண்ணட்டும் சார்," என்றாள் ரோஹிணி. "கும்பகோணத்துலேர்ந்து இப்ப பண்ணலையா?"

சுப்ரஜாவின் அஸ்தியைக் கும்பகோணத்தில் காவிரியில் கரைத்ததாக முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் தானாகவே முடிவு செய்து, பக்கத்து அம்மாளிடம் சொன்னாள். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை பத்ரி தலைவர் வீட்டுக்குப் போனான்.

"சார், இது தப்பு. ரத்து பண்ணிடுங்க."

சத்யநாராயணன் சங்க விதிகள் அடங்கிய பைலா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி பூரா இதைத்தான் பாத்தேன். செயலாளர் நகர்ல வீட்டு உரிமையாளரா இருக்கணும். வீடு யார் பேர்ல இருக்கு?"

"அவ பேர்ல."

"மனநிலை சரியில்லாதவரா இருக்கக் கூடாது. கோர்ட் தண்டனை இருக்கக் கூடாது. வேற ஒண்ணும் போடலை. உயிரோட இருக்கணும்னு எழுதணும்னு யாருக்கும் தோணலை பாரு." புத்தகத்தை மூடினார். "ரத்து பண்ணா மறுபடி எலெக்‌ஷன் வைக்கணும். யார் நிப்பா? நீ நிக்கறியா?"

பத்ரி வாசல் பக்கம் திரும்பினான்.

"இந்த ஒரு வருஷம் ஓடட்டும். முன்னாடி இருந்த செயலாளரைவிட அவ நன்னாத்தான் பண்றா."

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ராஜேந்திர பிரசாத் சாலையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் சிட்டிபாபு.

"அலோ, செயலாளர் மேடமா?"

"அவங்க ஹஸ்பண்ட்."

"சார், சுதந்திர தின ஃபிளெக்ஸ் விசயம். உங்க தலைவர் மேடம் போட்டோ குடுத்து, 'நகரைப் பார்த்துக்கொள்ளுங்கள்'னு பெரிசா போடச் சொன்னாரு. போட்டோவச் சுத்தி மாலையும் போடச் சொன்னாரு. அப்பால உங்க பி பிளாக்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, செயலாளருக்கு நல்வாழ்த்துகள்னு கீழ சேக்கச் சொல்லிச்சு. மாலையும் வாழ்த்தும் ஒரே ஃபிளெக்ஸ்ல நான் அட்ச்சதில்ல சார். இன்னா பண்றது? மாலை போடவா, வேணாவா?"

பத்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆறு துணி போட்டு முடிக்கும் வரை பார்த்தான்.

"சார், கீறீங்களா?"

"மாலை வேணாம்."

அன்று மாலை ரோஹிணி, 'பதினஞ்சாம் தேதி வந்துடுவீங்கல்ல மேடம்? நான்தான் மைக்ல பேசறேன். உங்களை நேர்ல பாக்கணும்னு அவ்ளோ ஆசையா இருக்கு' என்று அனுப்பினாள். 'முடியாது' என்று தட்டியிருக்கலாம். அவள் அத்தனை ஆசையாகக் கேட்டிருந்தாள். 'பாக்கறேன்' என்று அனுப்பினான்.

பூங்காவில் கொடியேற்றம் எட்டு மணிக்கு முடிந்தது. கிளியம்மாள் மிட்டாய்த் தட்டோடு வரிசை வரிசையாகப் போனாள். மேடைக்குப் பின்னால் பத்தடி உயரத்தில் சுப்ரஜா மாலை இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்ரி அதற்கு முதுகைக் காட்டி, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ரோஹிணி மைக்கைப் பிடித்தாள். "அடுத்து, நாம எல்லாரும் காத்துக்கிட்டிருந்த நேரம். நம்ம செயலாளர் திருமதி சுப்ரஜா அவர்கள்."

ஃபிளாட்காரர்கள் கைதட்டினார்கள். பழைய வீட்டுக்காரர்கள் எழுந்து, தலை குனிந்து, மௌனமாக நின்றார்கள். கைதட்டியவர்கள் அதைப் பார்த்து, இங்கே இதுதான் வழக்கம்போல என்று தட்டுவதை நிறுத்தி எழுந்து நின்றார்கள். மௌனமாக நின்றவர்களில் சிலர், கைதட்டலைக் கேட்டுவிட்டு, தாமதமாகத் தட்ட ஆரம்பித்தார்கள். குழந்தைகள் மட்டும் மிட்டாய் தின்றார்கள்.

"மேடம் எங்க இருந்தாலும் மேடைக்கு வரணும்," என்றாள் ரோஹிணி.

கிளியம்மாள் மேடைக்குக் கீழே தட்டோடு நின்றாள். "யாரம்மா கூப்புடற?" என்றாள். "அந்தப் பொண்ணு செத்து ஒம்போது மாசம் ஆவுது."

மைக் அதை வாங்கி, நான்கு ஸ்பீக்கர்களிலும் பூங்கா முழுக்கச் சொன்னது.

ரோஹிணி மைக்கை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகப் படியிறங்கி, பத்ரியின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். பின்னால் சத்யநாராயணன் வந்தார். கிளியம்மாளும் வந்தாள்.

"அப்ப எனக்கு தினமும் குட் மார்னிங் சொன்னது?"

"நான்."

"எங்கம்மாவுக்கு வேண்டிக்கிட்டது?"

"நான்தான். நிஜமாவே வேண்டிக்கிட்டேன்."

"எங்க மாமியாரைப் பத்தி நான் சொன்னதெல்லாம்?"

"படிச்சேன்."

ரோஹிணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கு இந்த ஊர்ல இருந்த ஒரே ஃபிரெண்டு சார் அவங்க."

"எனக்கும்," என்றான் பத்ரி.

சத்யநாராயணனுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. ஃபிளெக்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கியது.

"பத்ரி, அந்தக் கடைசி வார்த்தையாவது நிஜம்தானே?"

"இல்ல சார். அவ போறப்ப நான் பக்கத்துல இல்ல. ஆஸ்பத்திரியில கீழ மருந்து வாங்க டோக்கனோட நின்னுட்டிருந்தேன். குரூப் உங்க கைக்கு வந்தா அவ பேரை எடுத்துடுவீங்க. அதுக்காகச் சொன்னேன். அவ என்ன சொன்னா, ஏதாவது சொன்னாளான்னே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் கிளியம்மாள். "நான்தான கூட இருந்தேன்."

பத்ரி அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒன்பது மாதமாகத் தினமும் அவளைப் பார்க்கிறான். அவள் கையால் சாப்பிடுகிறான். கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றவில்லையா, பயந்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கல தம்பி. அப்பால நீயே ஒண்ணு சொல்லிகினு திரிஞ்ச. சரி, உன்னாண்ட தனியா சொல்லிகீது போலன்னு வுட்டுட்டேன். இப்ப போர்டுல வேற போட்டுட்டானுங்க. நான் இன்னாத்த பேசறது?"

"இப்ப சொல்லுங்க."

கிளியம்மாள் தட்டை ரோஹிணி மடியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் போனு தலமாட்டுல உய்ங்கு உய்ங்குன்னு அட்ச்சிகினே கெடந்துச்சு. குப்ப வண்டி வரல, தண்ணி வரலன்னு எவனெவனோ. அந்தப் பொண்ணு ரெண்டு வாய் தண்ணி குட்ச்சிச்சு. என் கையப் புட்ச்சிகினு சொல்லிச்சு: 'தாங்கலை கிளியம்மா. அவர் வந்ததும் மொதல்ல என்னை அந்த குரூப்லேர்ந்து எடுத்துடச் சொல்லு.'"